சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பார்: ஷேக்கர் பக்கத்துக் குறிப்புகள்

நவம்பர் 28

லண்டன் ஸ்ட்ராண்ட் சாலையில் 1889-இல் திறந்த சவாய் ஹோட்டலின் பாருக்குப் பெயர் அமெரிக்கன் பார். ஐஸ் போட்டுக் கலக்கும் காக்டெய்ல் பானங்களை விற்ற கடைகளுக்கு அன்றைய ஐரோப்பாவில் அதுதான் பொதுப்பெயர். 1920 ஜனவரி 17-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலானதும் அங்கே பார்மேன்களின் பிழைப்பு போயிற்று. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழில் பார்த்த ஹாரி க்ராடக் அதே ஆண்டு ஊர் திரும்பி இங்கே சேர்ந்தார்.

மட்டமான சரக்கை மறைக்கத்தான் காக்டெய்லில் சாறும் இனிப்பும் சேர்த்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் ஜூனிப்பர் எண்ணெயும் கிளிசரினும் கலந்து ஜின் என்று விற்ற அமெரிக்காவுக்கு அது பொருந்தும். சவாயில் கிடைத்ததோ அசல் லண்டன் ஜின். மறைக்க ஒன்றுமில்லை, ஆகவே அளவு பிசகினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

நவம்பர் 29

ஒயிட் லேடி என்ற காக்டெய்ல். க்ராடக் அளவு: ஜின் 2 பங்கு, குவான்ட்ரோ (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) 1, லெமன் சாறு 1. அதாவது 40, 20, 20 மி.லி. ஷேக்கர் நிறைய ஐஸ், 12 விநாடி பலமான குலுக்கல், பிறகு மெல்லிய சல்லடையில் வடிகட்டல்.

லெமன் என்றால் தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழம். நம்மூர் சிறு எலுமிச்சை லைம் வகை. புளிப்பு ஏறக்குறைய அதேதான், மணம் வேறு. அதைப் பிழிந்தால் கெட்டுப்போகாது, ஆனால் ஒயிட் லேடியாக இருக்காது. சாறு அன்றே பிழிந்ததாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் சொதப்புவது ஐஸில்தான். வாளியில் கிடந்து நீர் கசியும் ஐஸைப் போட்டால் குளிர்வதற்குள் பானம் நீர்த்துவிடும். கட்டிகளை உதறிவிட்டுப் போட வேண்டும். ஐந்தாறு கட்டி மட்டும் போட்டாலும் அதே கதி: குளிர்விக்க முடியாமல் அவை கரைந்தே தீரும்.

நவம்பர் 30

முட்டை வெள்ளைக்கரு க்ராடக் அச்சிட்ட செய்முறையில் இல்லை, பின்னால் ஒட்டிக்கொண்டது. போடுவதானால் 15 மி.லி. போதும். முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி குலுக்கினால்தான் நுரை எழும், பிறகு ஐஸுடன். ஐஸ் இல்லாத ஷேக்கர் இறுகாது, மூடியை அழுத்திப் பிடிக்காவிட்டால் சட்டைக்குத்தான் ஒயிட் லேடி.

டிசம்பர் 2

ஹாங்கி பாங்கி என்ற காக்டெய்ல், க்ராடக்குக்கு முன்னால் தலைமை பார்மெய்டாக இருந்த ஏடா கோல்மனுடையது. நடிகர் சார்லஸ் ஹாட்ரிக்காகக் கலந்தது. ஜின் 45 மி.லி., இத்தாலிய இனிப்பு வெர்மூத் 45 மி.லி., ஃபெர்னெட் பிராங்கா என்ற கசப்பு மூலிகை மது இரண்டு டாஷ் (டாஷ் என்றால் சில துளி). சாறு இல்லாததால் இப்போது குலுக்காமல் 30 விநாடி கிளறுவதே வழக்கம். மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிய வேண்டும்.

ஃபெர்னெட் பாட்டிலுக்குத் துளிமூடி கிடையாது. நேரே சாய்த்தால் கஷாயம்தான். கால் டீஸ்பூனில் தொடங்கி நாக்கைக் கேட்டுக் கூட்டலாம். வெர்மூத் ஒயின் இனம், திறந்த பாட்டில் அலமாரியில் நின்றால் சில வாரங்களில் சுவை தட்டையாகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து மாதத்துக்குள் முடிக்கவும்.

டிசம்பர் 4

கார்ப்ஸ் ரிவைவர் நம்பர் 2: ஜின், குவான்ட்ரோ, கினா லில்லெ (ஒயின் வகை), லெமன் சாறு, நான்கும் சமமாக 22 மி.லி.; அப்சிந்த் (சோம்பு மணமுள்ள கடுமையான மது) ஒரு டாஷ். கினா லில்லெயில் கொய்னா கசப்பு இருந்தது. 1980களில் கசப்பைக் குறைத்து, இன்று கிடைப்பது லில்லெ பிளாங்க். அதைக் கொண்டு கலந்தால் இனிப்பு தூக்கும். கொக்கி அமெரிக்கானோ நெருக்கமான மாற்று. அப்சிந்தை ஷேக்கரில் விடாமல், அதைக் கொண்டு கிளாஸின் உட்புறத்தை நனைத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுவது பத்திரம். கை தவறினால் சோம்பு வாசனை மற்ற நான்கையும் விழுங்கிவிடும்.

டிசம்பர் 5

1933-இல் இதே நாள் அமெரிக்க மதுவிலக்கு முடிந்தது. க்ராடக் திரும்பிப் போகவில்லை.

கிளாஸ் பற்றி: 80 மி.லி. கலவை குலுக்கியபின், கரைந்த நீரோடு 100 மி.லி.யைத் தாண்டும். 140 மி.லி. கிளாஸ் போதும், ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்தது. பெரிய கிளாஸை நிரப்ப அளவைக் கூட்டினால் பாதி குடிப்பதற்குள் மீதி சூடாகிவிடும்.