தொட்டியில் பேன்

ஜூன் 8, ஞாயிறு

மூன்றடித் தொட்டி, ஐந்து கோல்ட்ஃபிஷ். ரெண்டு நாளாக எல்லாம் கல்லில் விலாவைத் தேய்த்துவிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் விருட்டென்று பாய்கின்றன. மீன் வாங்கிய கடையில் போய்ச் சொன்னேன். செல்போனில் எடுத்த படத்தை முழுசாகப் பார்க்கக்கூட இல்லை, "வெண்புள்ளிதான் தம்பி" (மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி போடுகிற ஒட்டுண்ணி நோய்) என்று நீல மருந்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஊற்றினேன். தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடி ஓரத்து சிலிக்கானும் நீலமாகிவிட்டது.

ஜூன் 12

இருந்ததிலேயே சின்னது செத்துப்போச்சு. வெள்ளைத் தட்டில் எடுத்துப் போட்டு, அப்பா பேப்பர் படிக்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். வால் அடியில் வெந்தய அளவுக்குக் கண்ணாடிச் சில் மாதிரி ஒன்று, தட்டையாக, ரெண்டு கறுப்புக் கண்ணோடு. நகத்தால் தொட்டதும் நகர்ந்தது.

வெண்புள்ளி நகராது. அதுவும் போக, இந்த வெயிலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியில் கிடக்கிறது, முப்பதைத் தாண்டினால் வெண்புள்ளி பெருகுவது பொதுவாகக் கஷ்டம். முதல் நாளே நான் யோசித்திருக்கணும். இது மீன் பேன், ஆர்குலஸ். பேன் என்பது பேருக்குத்தான், உண்மையில் இறால், நண்டு சாதி. ரெண்டு உறிஞ்சியை வைத்து ஒட்டிக்கொண்டு ஊசி மாதிரி ஒன்றால் குத்தி ரத்தம் குடிக்கும், தோன்றினால் இறங்கி நீந்தி அடுத்த மீனில் ஏறிக்கொள்ளும்.

ஜூன் 14, சனி

மீதி நாலையும் ஈரத்துணியில் பிடித்து, புருவம் பிடுங்குகிற சாமணத்தால் ஏழு பேன் எடுத்தேன். அம்மா பக்கத்தில் நின்று, "அம்மை போட்ட பிள்ளைக்கு மாதிரி கொஞ்சம் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு ஊத்துடா" என்றார். பேன் அதையும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்மா.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் குளியல் என்று முடிவாயிற்று. லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதிகபட்சம் 30 நிமிஷம். கூடினால் பேனுக்கு முன்னால் மீன் போய்விடும். ஒரு சிட்டிகை, ரெண்டு சிட்டிகை என்று போடுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம். ஆனால் மில்லிகிராமை எதில் நிறுப்பது? தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் போனேன். "மாப்ள, தங்கம் நிறுக்கிற தட்டுல சாயத்தைக் கொட்டப் போறியா" என்று திட்டிக்கொண்டே, பட்டர் பேப்பர் விரித்துச் சரியாக ஒரு கிராம் நிறுத்துக் கொடுத்தான். அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம், 20 லிட்டர் வாளிக்கு 200 மில்லி. கணக்கு அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. எங்கள் போர் தண்ணீர் கடுமையான உப்பு, காரத்தன்மையும் ஜாஸ்தி. அந்தத் தண்ணீரில் பெர்மாங்கனேட் போட்டால் மாங்கனீசு படிந்து செவுளை அடைத்துவிடலாம். அதனால் கார்ப்பரேஷன் குழாயில் வருகிற வைகைத் தண்ணீரை முந்தின ராத்திரியே பிடித்துக் குளோரின் போகத் திறந்து வைத்திருந்தேன். காற்று மோட்டாரை முழு வேகத்தில் விட்டு ஒவ்வொன்றாக இறக்கினேன். கத்தரிப்பூ நிறத் தண்ணீரில் மீன் கண்ணுக்கே தெரியவில்லை, டார்ச்சை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 22ஆவது நிமிஷம் இருந்ததில் பெரிசான ஒராண்டா வகை கோல்ட்ஃபிஷ் ஒருக்களித்துச் சாய்ந்தது. உடனே நாலையும் அள்ளிச் சுத்தமான டப்பில் விட்டேன். பத்து நிமிஷத்தில் நிமிர்ந்துகொண்டது. வாளி அடியில் மூணு பேன். விரலெல்லாம் பழுப்பு, சோப்புக்குப் போகவில்லை.

ஜூன் 16

தொட்டியைக் காலி செய்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியில் முட்டை. கடுகைவிடச் சின்னதாக, பழுப்பாக, வரிசை வரிசையாகக் கோலப்புள்ளி வைத்த மாதிரி. ஒரு வரிசையில் நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். மீன் மேல் இருந்ததை எடுத்ததோடு விட்டிருந்தால், இந்தச் சூட்டில் பத்துப் பதினைந்து நாளில் இவ்வளவும் பொரித்து வந்திருக்கும். பழைய பிளேடால் சுரண்டினேன். கல், மணல், தொட்டி எல்லாம் மொட்டை மாடிக்கு. காய்ந்தால் முட்டை பிழைக்காது, வெயிலுக்கு மதுரையில் பஞ்சமா?

சுரண்டும்போதுதான் உறைத்தது. மீன் வாங்கி ஆறு மாசம் ஆகிறது. ஆனால் போன மாசம் அழகர்கோவில் போகிற வழியில் ஒரு கண்மாயில் வேலம்பாசி பசேலென்று கிடக்கவும் ஒரு கை அள்ளி வந்து, ஒரு தடவை அலசிவிட்டு அப்படியே தொட்டியில் போட்டவன் நான்தான். கடைக்காரர் நோயைத் தப்பாகச் சொன்னார், சரி. பேனைக் கொண்டுவந்தது அவர் இல்லை.

ஜூன் 27

டப்பில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றி இடுப்பு போச்சு. இன்று ஒராண்டாவின் துடுப்படியில் குண்டூசித் தலை அளவில் ஒன்று. சாமணம், மறுபடியும் குளியல், டப்பும் வேறு. இந்தத் தடவை 20 நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ரெண்டு வாரமாக மீன் மேலும் இல்லை, டப்பிலும் இல்லை. தொட்டியை நிரப்பி நாலையும் விட்டாச்சு. பாசி கிடையாது, வெறும் கல். ஒராண்டா கல் பக்கம் போகும்போதெல்லாம் என் கை லென்ஸுக்குப் போகிறது. அது சும்மா அடியில் தீனி பொறுக்கத்தான் போகிறது.