ஆங்கில பி.எட். பயிற்சி: ஆணை, வருகைச் சான்று, ஒன்பதாம் வகுப்பு

பி.எட். கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் வகுப்புகளும் எழுத்துத் தேர்வுகளும் பெரிய சிக்கலின்றி நடந்தன. உளவியல், கலைத்திட்டம், மதிப்பீடு ஆகிய தாள்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. பள்ளிப் பயிற்சியைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. நாங்கள் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடியது. அடுத்த ஆண்டு ஆங்கிலம் எடுத்துப் பயிற்சிக்குப் போகிறவர்களாவது அதைத் தவிர்க்க வேண்டும்.

2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளின்படி இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும். அரசுப் பள்ளி என்றால் பயிற்சிக்கு அனுமதி தரும் கல்வி அலுவலகத்தின் செயல்முறை ஆணை இல்லாமல் தலைமை ஆசிரியர் நம்மைச் சேர்க்க முடியாது. கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் போன அலுவலகத்தில் இருந்த எழுத்தர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்து, பிறகு வரச் சொன்னார். மறுபடி போனபோதும் அதே பதில்தான் கிடைத்தது. காரணம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த அம்மா ஒருவர் இரக்கப்பட்டுச் சொன்ன பிறகே விஷயம் புரிந்தது. நான் கேட்டிருந்த பள்ளி முந்தைய ஆண்டே மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்துவிட்டது. கல்லூரி தட்டச்சு செய்து கொடுத்த கடிதத்தில் உயர்நிலைப் பள்ளி என்றே இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் மாலைக்குள் திருத்திய கடிதத்தோடு திரும்பியிருப்பேன். பேருந்துச் செலவை விடுங்கள். உடன் படித்தவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட நாட்களில் நான் அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே, கடிதம் தட்டச்சாகும் முன்பே பள்ளிக்கு நேரில் போய், அதன் இப்போதைய முழுப் பெயரையும், பள்ளியின் அடையாள எண்ணான, 33 என்று தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணையும் பார்த்து எழுதி வந்து கல்லூரியில் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்குள் நுழைந்த பிறகு நடந்தவை வேறு வகையானவை. கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது சிறு துண்டாகப் பாடம் நடத்திப் பார்க்கும் பயிற்சி, பழகியிருந்தோம்: ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தித் திட்டமிடல், பிறகு அதே பாடம் மறுபடி. மாணவர்களாக எதிரில் உட்கார்ந்திருப்பது நம் தோழிகள். எந்தக் கேள்விக்கும் பதில் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் அப்படி இல்லை. முதல் வாரம், ஒவ்வொரு வகுப்புக்கும் நாங்கள் எழுதும் பாடத்திட்டத்தின்படியே ஆர்வமூட்டல், முன்வாசிப்பு, மௌன வாசிப்பு, வினாக்கள் என்று நடத்தினேன். பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள், வகுப்பு நன்றாகப் போவதாகவே தெரிந்தது. ஒரு மாணவி ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தாள். அதே பத்தியின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்துக் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதப்பட்டிருந்தது. வகுப்பில் பாதிப் புத்தகங்கள் அப்படித்தான் இருந்தன. மட்டைக்கும் 'பேட்', கெட்டதற்கும் 'பேட்' என்று எழுதிப் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. மேல்வரியை மனப்பாடம் செய்தால் போதும். எட்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்துத் தேறி வந்த பிள்ளைகள் இவர்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். 26 எழுத்துகள் 44 ஒலிகளாக எப்படிப் பிரிகின்றன என்பதை அவர்களுக்கு யாரும் பொறுமையாக உட்கார்ந்து காட்டவில்லை.

வழிகாட்டி ஆசிரியை ஒத்துழைத்ததால், ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் பத்து நிமிடத்தை ஒலிகளுக்கென்று ஒதுக்கினேன். மூன்றெழுத்துச் சொற்களில் தொடங்கி, கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தால் நடு உயிரொலி எப்படி மாறுகிறது என்பது வரை, கரும்பலகையில் சொல் சொல்லாகப் போனோம். அதற்குப் பாடத்தின் வேகம் குறைந்தது உண்மைதான். ஆனால் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அந்த மாணவி, அதுவரை நடத்தாத ஒரு பக்கத்தை, மேலே எதுவும் எழுதிக்கொள்ளாமல், திக்கித் திக்கி, தானாக வாசித்தாள். பயிற்சிக் காலம் முழுவதிலும் எனக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை. மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளரோ, பாடம் திட்டத்தின்படி அமையவில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். பாடத்திட்டத் தாளில் கற்பித்தல் நோக்கத்துக்குக் கட்டம் உண்டு, கற்றல் அனுபவத்துக்குக் கட்டம் உண்டு, மதிப்பீட்டுக்கும் உண்டு. இந்த வகுப்பில் எத்தனை பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்று எழுதுவதற்கு இடமில்லை. அந்தக் கட்டத்தைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் செய்ததைச் செயலாராய்ச்சிப் பதிவேடாக, அதாவது வகுப்பில் கண்ட சிக்கலையும் அதற்குச் செய்து பார்த்த தீர்வையும் எழுதும் பதிவேடாக, எழுதிக் கொடுத்தேன். அந்த வடிவில் அதை ஏற்றுக்கொண்டார்கள். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எங்கோ பார்த்து எழுதிய தலைப்பைவிட, உங்கள் வகுப்பில் உண்மையில் நடந்தது நன்றாக நிற்கும்.

அடுத்த சோதனை வருகைச் சான்று. நடுவில் தலைமை ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். பொறுப்பேற்றவர், தாம் வருவதற்கு முந்தைய நாட்களுக்குக் கையெழுத்திட மாட்டேன் என்றார். முழுச் சான்று இல்லாமல் தேர்வுக்கு அனுப்ப இயலாது என்றது கல்லூரி. இரண்டு பக்கமும் விதியைத்தான் சொன்னார்கள், நடுவில் நின்றவள் நான். பள்ளியின் இளநிலை உதவியாளர்தான் வழி சொன்னார்: பயிற்சி மாணவர்கள் தினமும் கையொப்பமிட்ட பதிவேட்டை எடுத்துவந்து, 'பள்ளிப் பதிவேட்டின்படி' என்ற சொற்களைச் சேர்த்துச் சான்றை எழுதச் செய்தார். உடனே கையெழுத்தும் கோபுரச் சின்னம் உள்ள அரசு முத்திரையும் கிடைத்தன. சேர்ந்த நாளுக்கான அறிக்கையையும் வருகை விவரத்தையும் மாதம் முடிந்தவுடன் முத்திரையோடு வாங்கி, நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

இனி ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆங்கிலம் படித்தவர்களுக்கு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாள் அமைந்திருக்கும் விதம் கடினமானது: 150 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 30தான், 60 மதிப்பெண் கணிதம்-அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ போகிறது. எங்களில் பெரும்பாலோர் சமூக அறிவியலை எடுத்து, ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்குகிறோம். 2018ஆம் ஆண்டின் அரசாணை 149க்குப் பிறகு, தகுதித் தேர்வில் தேறினாலும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. அந்தப் போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளிலும் தேற வேண்டும். தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு இளங்கலை முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தவர்கள் இதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குச் சேர்கிறேன். தேர்வுக்குக் காலையில் படிப்பதாகத் திட்டம். நேர்காணலில், முதல் இரண்டு வாரம் பாடம் தொடங்காமல் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்க அனுமதி கேட்டேன். இரண்டு வாரம் முடியாது, முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் முதல்வர். வாரம் ஒருமுறை வரும் நூலகப் பாடவேளையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். கால அட்டவணை போடும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.