வெள்ளி கலந்த படலத்தை உலையில் வைக்கப் போகிறவர்களுக்கு

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு தம்பி என்னை மறித்து, "அண்ணா, எத்தனை பாகையில் சுட வேணும்?" என்று கேட்டார். இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு வெள்ளி நானோ துணிக்கைகள் கலந்த டைட்டானியம் ஈரொட்சைட்டுப் படலத்தை எடுத்திருக்கிறாராம். நானும் அதே படலத்தைத்தான் செய்தேன், அதே கேள்வியோடுதான் தொடங்கினேன். வாய்மொழிப் பரீட்சையில் வந்த கேள்வியோ வேறு: "அகத்துறிஞ்சல் உச்சி நகர்ந்தது வெள்ளி வளர்ந்ததாலா, அதைச் சுற்றியுள்ள பொருள் மாறியதாலா?" உச்சி என்பது வெள்ளித் துணிக்கைகள் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம்.

உலைக்குள் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. வெள்ளி உருகுவது 962 பாகை செல்சியசில். ஆனால் 200, 300 பாகையிலேயே மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கிவிடும். சின்னத் துணிக்கைகள் கரைய, பெரியவை அவற்றைத் தின்று வளரும். உலோகம் இடம் மாற உருகத்தான் வேண்டும் என்பதில்லை. கண்ணாடியில் ஒட்டிய பொன் தாளைச் சூடாக்கினால், ஊடே தெரிகிற பச்சை நிறம் போய்விடுகிறது என்று விஞ்ஞானி மைக்கேல் பரடே 1857இலேயே எழுதிவிட்டார்.

டைட்டானியாவும், அதாவது அந்த டைட்டானியம் ஈரொட்சைட்டும், சும்மா இருப்பதில்லை. பூசிய கரைசலின் அற்ககோல் ஆவியாகி, சேதனப் பகுதி எரிந்து, 400 பாகையளவில் அனட்டேஸ் என்ற டைட்டானியாப் பளிங்கு உருவாகும். துளைகள் அடைபட, படலம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் முறிவுச்சுட்டி கூடும். நீரில் 400 நானோமீற்றர் அளவில் இருக்கும் வெள்ளியின் உச்சி, டைட்டானியாவுக்குள் 450ஐத் தாண்டுவதற்குக் காரணம் இந்த முறிவுச்சுட்டிதான். ஆகவே, "உச்சி நீண்ட அலைநீளத்துக்குப் போனது, எனவே துணிக்கை வளர்ந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

உச்சியின் அகலத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 20 நானோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளில், பருமன் கூடும்போது உச்சியின் இடம் அதிகம் மாறாது, அகலம் குறையும். இலத்திரன்கள் துணிக்கையின் எல்லையில் மோதுவது குறைவதே காரணம். உச்சி நகர்ந்தும் அகலம் அப்படியே இருந்தால், முதலில் சுற்றுப்பொருளைச் சந்தேகியுங்கள். அதற்கு வெள்ளி இல்லாத படலம் ஒன்றும் வேண்டும். அதே நாளில் பூசி, அதே உலையில், பக்கத்திலேயே வைத்துச் சுட்டது. நான் அதைச் செய்யாமல் விட்டு, கடைசி மாதத்தில் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கினேன்.

இன்னொன்று. வெப்பநிலைக்கு ஒரு தகடு என்று தனித்தனியாகப் பூசாதீர்கள், தடிப்பு மாறிவிடும். ஒரே தகட்டில் பூசி, கண்ணாடி வெட்டியால் ஐந்து துண்டாக்குங்கள். நான்கு துண்டுகள் உலைக்கு, ஒன்று சூடு காணாமல் டப்பாவுக்குள். சாதாரணக் கண்ணாடித் தகடென்றால் 500 பாகையோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் தகடே வளையத் தொடங்கும். அதற்கு முன்பே கண்ணாடியிலிருக்கும் சோடியம் படலத்துக்குள் ஏறி அனட்டேசைக் குழப்பும்.

பளிங்குகளை அடையாளம் காண எடுக்கும் எக்ஸ்-கதிர்க் கோணல் வரைபில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே பாகை என்பது கோணம், வெப்பநிலை அல்ல. வெள்ளியின் முதல் உச்சி 38.1 பாகையில், அனட்டேசின் ஓர் உச்சி 37.8இல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நான் அந்தக் குவியல் முழுவதையும் வெள்ளி என்று எடுத்துக் கணித்திருந்தேன். 44.3 பாகை உச்சியை எடுங்கள், சிறியதுதான், ஆனால் வெள்ளிக்கே உரியது. அதன் அகலம் 0.5 பாகை என்றால், உச்சியின் அகலத்திலிருந்து பளிங்கின் பருமனைக் கணிக்கும் ஷெரர் சமன்பாடு 17 நானோமீற்றர் தரும். அகலத்தை ஆரையனுக்கு மாற்ற மறந்தால் 0.3 வரும். வெள்ளியின் அலகுக் கலத்தின் ஒரு பக்கமே 0.41 நானோமீற்றர், ஒரு கலத்தை விடச் சின்னப் பளிங்கு எப்படி இருக்கும்? அப்புறம், கருவியால் வரும் அகலத்தைக் கழிக்காவிட்டால் விடை உண்மையை விடச் சிறிதாகத்தான் வரும்.

2022 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் உலை 430 பாகையில் நின்றது. மின்சாரம் வந்ததும் மீண்டும் 500க்கு ஏற்றி, மற்றவற்றோடு சேர்த்துக் கொண்டேன். அந்தப் புள்ளி எந்தக் கோட்டிலும் உட்காரவில்லை. இரண்டு தரம் ஏறி இறங்கிய படலம் ஒரு தரம் ஏறிய படலம் ஆகாது. ஒன்றில் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடந்ததை அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதித் தனியாகக் காட்டுங்கள். பரீட்சகர்கள் அதைக் குறையாக எடுக்கவில்லை.

பூசும் வேலையை ஐப்பசிக்கு முன் முடித்து விடுங்கள். மாரி தொடங்கினால் காற்றின் ஈரத்திலேயே டைட்டானியக் கரைசல் பால் போல் வெளிறிவிடும். அதைப் பூசினால் வெடிப்பு விழும், எந்தப் பாகையில் சுட்டாலும் அந்த வெடிப்புப் போகாது.