தாயத்து கட்டிய இளவரசன்

வியன்னாவில் உள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு ஓவியம் இருக்கிறது. ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் 1659இல் வரைந்தது. இரண்டு வயது ஆண் குழந்தை, அந்தக் கால வழக்கப்படி சிவப்பு நிறத்தில் நீளமான கவுன், அதற்கு மேல் வெள்ளை ஏப்ரன், ஒரு கையைச் சின்ன நாற்காலியின் முதுகில் வைத்தபடி நிற்கிறான். நாற்காலியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி. பையன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் ஏப்ரனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், நாலைந்து தாயத்துகள், ஒரு சின்ன மணி. கண் படாமல் இருக்க, நோய் அண்டாமல் இருக்க. உலகத்தில் பாதியை ஆண்ட ஸ்பெயின் ராஜாவின் பட்டத்து வாரிசுக்கு அப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பெயர் பெலிப்பே ப்ரோஸ்பெரோ. நாலு வயது நிறையும் முன்பே, 1661 நவம்பர் 1 அன்று இறந்துவிட்டான். சரியாக ஐந்து நாள் கழித்து அவனுக்கு ஒரு தம்பி பிறந்தான். அந்தத் தம்பிதான் பின்னாளில் ஸ்பெயின் ராஜாவான இரண்டாம் சார்லஸ். இணையத்தில் 'நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் இப்படித்தான்' என்று சிரிப்புப் பொம்மைகளோடு சுற்றிக்கொண்டிருக்கிறதே ஒரு நீண்ட முகம், அந்த முகத்துக்குச் சொந்தக்காரர். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் அந்தப் படம் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. என் பாட்டியும் தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர்தான், அதனால் இந்தக் கதையைச் சில வருடங்களாகவே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சார்லஸின் அம்மா மரியானா ஆஸ்திரியாக்காரி. அவளுக்கு முதலில் நிச்சயம் செய்திருந்தது தன் மாமன் மகன் பல்த்தசார் கார்லோஸை. அவன் 1646இல், பதினாறு வயதில் இறந்துபோனான். மாப்பிள்ளை போய்விட்டான், ஏற்பாடு மட்டும் போகவில்லை, 1649இல் அவனுடைய அப்பா நான்காம் பிலிப்புக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். பிலிப்புக்கு 44 வயது, மரியானாவுக்கு 14. பிலிப் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். நம்ம ஊரில் பெரும்பாலும் அக்கா மகளைத்தான் தம்பி கட்டுவான், இங்கே அண்ணன் தங்கை மகளைக் கட்டியிருக்கிறார். மரியானா ஐந்து குழந்தை பெற்றாள். அதில் பெரியவர்களாக வளர்ந்தது இரண்டே பேர், மார்கரீட்டாவும் சார்லஸும்.

இது ஹாப்ஸ்பர்க் என்ற அந்த ராஜ வம்சத்துக்குப் புதிதும் இல்லை. 1570இல் இரண்டாம் பிலிப்பும் தன் தங்கை மகள் அன்னாவைத்தான் மணந்தார், அவளையும் முதலில் பேசிவைத்திருந்தது அவருடைய மகன் தொன் கார்லோஸுக்கு, அவனும் 1568இல் இறந்துவிட்டான். அப்படியே அச்சடித்த மாதிரி இல்லையா? காரணம் நமக்கு நன்றாகவே தெரிந்த காரணம்தான், சொத்து வெளியே போகக் கூடாது. அவர்களுக்குச் சொத்து என்றால் ஸ்பெயின், நெதர்லாந்து, இத்தாலியில் பாதி, அமெரிக்காவின் வெள்ளிச் சுரங்கங்கள். குடும்பத்தின் ஒரு கிளை மாட்ரிட்டில், இன்னொரு கிளை வியன்னாவில், இரண்டும் மாறி மாறிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. நெருங்கிய உறவில் மணக்கப் போப்பிடம் விலக்கு அனுமதி வாங்குவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

2009இல் ஸ்பெயினின் சாந்தியாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வம்சத்தின் பல தலைமுறை வம்சாவளியை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார்கள். வேறு உறவு எதுவும் கலக்காத மாமன் – மருமகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 12.5 சதவீதம். சார்லஸுக்கு அது 25.4. அண்ணன் தங்கைக்குப் பிறந்த குழந்தைக்கு இருக்கும் அளவு! அவருடைய மூதாதை முதலாம் பிலிப்புக்கு வெறும் 2.5தான். ஆக இது ஒரு கல்யாணத்தால் வந்த வினை கிடையாது, ஏறக்குறைய இருநூறு வருடம் சிறுகச் சிறுக வட்டி ஏறின கடன், கடைசியில் ஒரு குழந்தையின் தலையில் வந்து விழுந்தது.

அப்புறம் அந்தத் தாடை. கீழ்த்தாடை முன்னால் துருத்தி நிற்கும், கீழ் உதடு தடித்துத் தொங்கும், மேல்தாடை சரியாக வளராததால் கன்னமும் மூக்குக்குப் பக்கமும் உள்ளே அமுங்கியிருக்கும், மூக்கு நுனி கீழே வளையும். சார்லஸுக்கு நூறு வருடத்துக்கும் முன்பே வாழ்ந்த இதே வம்சத்துச் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸுக்கே (ஸ்பெயின் கணக்கில் அவர் முதலாம் சார்லஸ்) வாயை முழுசாக மூட வராது, தாடி வளர்த்துத்தான் தாடையை மறைத்தார். (அவருக்குக் கீல்வாதமும் கொடுமையாக இருந்தது. பதப்படுத்தி வைத்திருந்த அவர் சுண்டுவிரல் துண்டை 2006இல் ஆராய்ந்தவர்கள் யூரிக் அமிலம் படிந்து எலும்பையே அரித்திருந்ததைப் பார்த்தார்கள்.) 2019இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் முக அறுவை மருத்துவர்கள் பத்துப் பேர் இந்தக் குடும்பத்தில் 15 பேரின் 66 ஓவியங்களைப் பார்த்துத் தாடையை மதிப்பிட்டார்கள். கீழ்த்தாடை அதிகம் துருத்தியிருந்தது நான்காம் பிலிப்புக்கு. குறைவாக இருந்தது மேரி என்ற பர்கண்டி இளவரசிக்கு, அவள் 1477இல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். நெருங்கிய உறவில் பிறப்பது கூடக் கூடத் தாடையும் துருத்துவதாகத்தான் கணக்கு காட்டியது. அழகாகக் காட்டச் சொல்லிக் காசு கொடுத்து வரைந்த படங்களிலேயே இவ்வளவு தெரிகிறது என்றால் நேரில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முகம் கூடப் பரவாயில்லை. இரண்டாம் சார்லஸ் நாலு வயது வரை பேசவில்லை, எட்டு வயது வரை சரியாக நடக்கவில்லை. நாக்கு பெரிதாக இருந்ததால் பேசினாலும் புரியாது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராததால் மெல்லவும் முடியாது. அடிக்கடி வாந்தி, வயிற்றுப்போக்கு. கடைசி வருடங்களில் முகம் வீங்கி, வலிப்பு வந்து, முப்பது வயதுக்கு மேல் கிழவர் மாதிரி ஆகிவிட்டார். இரண்டு கல்யாணம் செய்தும் குழந்தை இல்லை. பிட்யூட்டரி சுரப்பிக் குறைபாடு ஒன்று, சிறுநீரகம் ரத்தத்தின் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத நோய் ஒன்று, இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அவருடைய பெரும்பாலான தொல்லைகளுக்கு விளக்கம் கிடைக்கும் என்று அந்த 2009 ஆய்வு சொல்கிறது. அது ஊகம்தான், ஆனால் பொருந்துகிற ஊகம். அன்றைக்கு அரண்மனையில் சொன்ன விளக்கம் வேறு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். பேயோட்டும் பாதிரிமார் வந்தார்கள். இன்றைக்கும் ஸ்பெயினில் அவருக்குப் பட்டப்பெயர் 'சூனியம் வைக்கப்பட்டவர்'. தன் உடம்புக்குள் ஏதோ பிசாசு இருக்கிறது என்று ஒரு மனுஷன் நம்பிக்கொண்டே வாழ்வது எவ்வளவு பெரிய தண்டனை.

எனக்கு ரொம்ப நாள் விளங்காமல் இருந்தது அவருடைய அக்கா மார்கரீட்டா விஷயம். வெலாஸ்கெஸின் மிகப் புகழ்பெற்ற ஓவியமான 'லாஸ் மெனினாஸ்' நடுவே வெளிர் கவுனில், பொன்முடியோடு நிற்கும் அந்த ஐந்து வயதுச் சிறுமிதான் இவள். அதே அப்பா, அதே அம்மா, அதே 25.4 சதவீதம். ஆனால் பார்க்க அழகான குழந்தை, தம்பியின் நோய் எதுவும் இல்லை. தாயம் உருட்டுவது மாதிரிதான், கெட்ட காய் விழும் வாய்ப்பு கூடும், ஆனால் ஒவ்வொரு உருட்டலும் தனித்தனி. 'எங்கள் பாட்டிக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்' என்று வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன், அது ஏன் ஒரு பதிலே இல்லை என்பது மார்கரீட்டாவைப் பார்த்துத்தான் புரிந்தது.

அவளையும் விடவில்லை. பதினைந்து வயதில் வியன்னாவுக்கு அனுப்பி, அம்மாவின் தம்பி லியோபோல்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், மறுபடியும் தாய்மாமன். கல்யாணத்துக்குப் பிறகும் அவரை அவள் 'மாமா' என்றுதான் கூப்பிட்டாளாம். நாலு குழந்தை பெற்றாள், தப்பியது ஒன்று. 1673இல் இறந்தபோது அவளுக்கு வயது 21.

1527க்கும் 1661க்கும் நடுவில் ஸ்பெயின் ராஜ குடும்பங்களில் பிறந்தவை 34 குழந்தைகள். பத்து ஒரு வயதுக்குள் போய்விட்டன. பத்து வயதைத் தாண்டாதவை மொத்தம் பதினேழு, சரி பாதி. அதே காலத்தில் ஸ்பெயின் கிராமங்களில் ஒரு வயதுக்குள் இறந்தவை சுமார் ஐந்தில் ஒன்று. அரண்மனைத் தொட்டிலைவிடக் குடியானவன் வீட்டுத் தூளியில் கிடந்த பிள்ளைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கிறது.

சார்லஸ் 1700 அக்டோபரில் உயில் எழுதினார். வாரிசு இல்லாததால் இத்தனை தலைமுறையாகக் கட்டிக் காத்த அந்தச் சொத்து முழுவதும் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியின் பேரனுக்குப் போனது. அதற்காகப் பதின்மூன்று வருடம் ஐரோப்பா அடித்துக்கொண்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. உயில் எழுதிய அடுத்த மாதமே, 39 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது இறந்தார். தேதி நவம்பர் 1. தாயத்து கட்டிய அந்த அண்ணன் செத்துப்போன அதே நாள்.