புது வண்டியில் எதை மாற்றலாம்?

புது பைக் எடுத்தவர்கள் முதல் சர்வீஸ் முடிவதற்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இதுல என்னென்ன மாத்தலாம்?"

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வண்டிகள் வரும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வரும் வண்டிகளும் வரும். கேடிஎம் 390 டியூக், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, ராயல் என்ஃபீல்டு 650 இவைதான் அதிகம். எல்லாருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். உட்காரும் இடம், கையால் பிடிக்கும் இடம், தரையைத் தொடும் இடம், இந்த மூன்றிலும் தாராளமாகக் கை வையுங்கள். இன்ஜினை விட்டுவிடுங்கள். ஏன் என்று விளக்கிச் சொல்ல பட்டறையில் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது யமஹா ஆர்எக்ஸ் 100-இல். 1985-இல் இருந்து 1996 வரை இங்கே தயாரான வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். அதில் கை வைக்காமல் ஓட்டியவர்கள் குறைவு. சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் துளையான போர்ட்டை அரம் போட்டு அகலப்படுத்துவார்கள், சைலன்சரை மாற்றுவார்கள், ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுவார்கள். சைலன்சர் மாறினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவோம், பெட்ரோல் அளவை மாற்றும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்குவோம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி பிடித்திருந்தால் அதிகம். காபிப் பழுப்பு வந்தால் சரி, மூடிவிடலாம். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கை அந்த வண்டி போடவில்லை, மெக்கானிக் போட்டார். கணக்கு தப்பி பிஸ்டன் பிடித்துக்கொண்டாலும் வழி இருந்தது. வார்ப்பிரும்பு ஸ்லீவ் என்பதால் லேத்தில் கொடுத்து சிலிண்டரின் உட்சுவரைக் கால் மில்லிமீட்டர் கடைந்து போர் எடுத்து, அடுத்த சைஸ் பிஸ்டனைப் போட்டு ஓட்டிவிடலாம். 0.25, 0.50, 0.75 என்று ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் பிஸ்டன் கிடைக்கும். அந்தக் காலத்து மாற்றங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்த வண்டி அதற்கு இடம் கொடுத்தது.

இன்றைய வண்டியில் கணக்கு போடுவது ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர். நீங்கள் முறுக்குவது ஆக்சிலேட்டர் என்று நினைக்கிறீர்கள். 2017-க்குப் பிறகு வந்த 390-இல் அது ஒரு சென்சார் மட்டுமே. எவ்வளவு முறுக்கினீர்கள் என்ற தகவல் ஈசியுவுக்குப் போகும். இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டிலை எவ்வளவு திறப்பது, எப்போது தீப்பொறி கொடுப்பது, எத்தனை பெட்ரோல் விடுவது எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்யும். அது செய்த முடிவு சரியா என்று பார்த்துச் சொல்ல, இன்ஜினில் இருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப்பில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது.

இந்த சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் சிக்ரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு தம்பி. 1948-இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. எங்கள் ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, சிக்ரிதான். வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் மேஜையில் வைத்திருந்த பழைய சென்சாரைக் கையில் எடுத்து, "அண்ணே, இது நாங்க படிக்கிற சமாச்சாரம்தான்" என்றார். உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அதற்கு ஏற்ப ஒரு சின்ன மின்னழுத்தம் வரும். பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 வோல்ட் பக்கம், குறைவு என்றால் 0.1 வோல்ட் பக்கம். ஒரே சீராக ஓட்டும்போது இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. நாங்கள் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துச் செய்த வேலையை இது ஓட ஓடச் செய்கிறது.

இப்போது ஒருவர் பெண்ட் பைப்போடு சேர்த்து முழு சைலன்சரையும் மாற்றுகிறார் என்று வையுங்கள். சில பைப்புகளில் சென்சாருக்கு ஓட்டை இருக்காது. அப்போது சென்சாரைக் கழற்றித் தொங்கவிடுவார்கள், அல்லது ஈசியுவை நம்ப வைக்க ஒரு ரெசிஸ்டர் பிளக்கைச் சொருகிவிடுவார்கள். ஓட்டை இருந்தாலும் ஜாயின்ட் சரியாக உட்காராமல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். ஈசியுவும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். வண்டி கருப்பாகக் கக்கும், மைலேஜ் போகும். கேட்டால் வண்டியே சரியில்லை என்பார்கள்.

பெட்ரோலும் முன்னைப் போல இல்லை. இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், எத்தனாலுக்கு 9 பங்குதான். அதாவது கலவையில் எத்தனால் கூடக்கூட, அதே காற்றுக்கு அதிகமாக எரிபொருள் விட வேண்டும். சென்சார் வேலை செய்யும் வண்டியில் ஈசியு இதைத் தானே சமாளித்துக்கொள்ளும். சென்சாரை எடுத்துவிட்ட வண்டியில் யார் சமாளிப்பது? சித்திரை வெயிலில், காரைக்குடியில் இருந்து திருச்சி வரை இழுத்து ஓட்டும்போது பெட்ரோல் போதாமல் எரிந்தால் சூடு எங்கே போகும்?

போன கோடையில் ஒரு 390 வந்தது. பள்ளத்தூர்ப் பையன், வெளியூரில் வேலை. திறந்த ஏர் ஃபில்டர், முழு சைலன்சர், ஈசியுவுக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவே, பெட்ரோல் அளவை மாற்ற ஒரு சின்னப் பெட்டி. "மெதுவா போனா வெட்டி வெட்டிப் போகுதுண்ணே, ஆயிலும் குறையுது" என்றான். ஆயில் குறைகிறது என்றதும் எனக்குப் பகீரென்றது. ஃபில்டரைக் கழற்றி, திராட்டில் பாடியின் உள்சுவரில் விரலை விட்டுத் தடவினேன். விரல் நுனி சிவந்து வந்தது. எங்கள் பக்கம் செம்மண், செம்புறாங்கல் பூமி. கண்மாய்க்கரை ரோட்டில் முன்னால் ஒரு டிராக்டர் போனால் போதும், அந்தத் தூசி மிளகாய்ப்பொடி மாதிரி எல்லா இடுக்கிலும் ஏறிவிடும். கம்பெனி ஃபில்டர் பேப்பரில் அடர்த்தியாக மடித்திருப்பது இதற்காகத்தான். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது.

ஆர்எக்ஸாக இருந்தால் லேத்துக்கு அனுப்பியிருப்பேன். 390-இன் சிலிண்டரில் உள்ளே நிக்கசில் என்ற கடினமான பூச்சு. முடியின் கனம்கூட இல்லாத அந்தப் பூச்சு போய்விட்டால் போர் எடுக்க முடியாது. சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாகத்தான் போட வேண்டும். அந்தப் பையன் சைலன்சருக்கும் ஃபில்டருக்கும் பெட்டிக்கும் செய்த செலவைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "பிக்கப் கூடும்" என்று சொல்லி விற்றவர் செம்மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. உண்மையில் பிக்கப் கூடியதா என்று அளந்து பார்க்கவும் இல்லை. சத்தம் கூடியதால் வேகம் கூடியது போலத் தோன்றியது, அவ்வளவுதான்.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இரண்டு பக்கமும் நீளமாக உயர்ந்த சுவர். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், மீதியில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே ராத்திரி ஒரு வண்டி முறுக்கினால் சத்தம் அங்கேயே மோதி மோதி நிற்கும். கானாடுகாத்தானில் இருந்து ஒரு ஆச்சி பட்டறைக்கே வந்தார்கள். "தம்பி, பேரன் வண்டி தெருவுல திரும்பறப்பல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பா. அவன்கிட்டச் சொன்னா வருத்தப்படுவான், நீ ஏதாவது செய்யேன்" என்றார்கள். பேரனை வரச் சொல்லிப் பேசினேன். நல்ல பிள்ளை, அன்றைக்கே பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போனான். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு நம் நாட்டில் சத்த வரம்பு 80 டெசிபல். உள்ளே சத்தத்தைக் குறைக்க இருக்கும் டிபி கில்லரைக் கழற்றிய சைலன்சர் அந்த வரம்புக்குள் நிற்காது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சுட்டி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். விபத்து என்று ஆனால் இன்சூரன்ஸ்காரர் வந்து முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

சரி, கம்பெனி கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமா என்றால், அதையும் நான் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு உங்கள் எடை தெரியாது, உங்கள் கை நீளம் தெரியாது, பின்னால் யார் உட்காருவார்கள் என்பதும் தெரியாது. ஒரு சராசரி ஆளை மனதில் வைத்து ஸ்பிரிங் போடுகிறார்கள். அந்த சராசரி ஆள் என் பட்டறைக்கு வந்ததே இல்லை.

தேவகோட்டையில் இருந்து ஒரு ஆசிரியரும் அவர் மனைவியும் இன்டர்செப்டர் 650-இல் வருவார்கள். லீவு விட்டால் தனுஷ்கோடி, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுவார்கள். பின்ஷாக் மாற்ற வேண்டும் என்று விலையெல்லாம் விசாரித்துவிட்டு வந்திருந்தார். "சார், ரெண்டு பேரும் பெட்டியோட உட்காருங்க" என்றேன். டேப்பை எடுத்து, பின் ஆக்சிலில் இருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டிய ஒரு டேப் துண்டு வரை அளந்தேன். ஆள் இல்லாமல் ஒரு அளவு, ஆள் ஏறியபின் ஒரு அளவு. அந்த வண்டியில் பின்சக்கரம் மொத்தமாக ஏறி இறங்கும் தூரமே 88 மில்லிமீட்டர். அவர்கள் உட்கார்ந்ததும் அதில் பாதிக்குமேல் அமுங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு அமுங்குவதுதான் கணக்கு. அப்புறம் பள்ளத்தில் விழுந்தால் அடி தட்டாமல் என்ன செய்யும்? கொக்கி ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கமும் ஷாக்கை மேல் படிக்குத் திருப்பி வைத்தேன். ஐந்து படி இருக்கிறது அதில். வாங்கிய நாளில் இருந்து யாரும் தொட்டதில்லை. திருமயம் வரை போய்விட்டு வந்து, "வேற வண்டி மாதிரி இருக்குப்பா" என்றார். அந்த அம்மா முதுகுவலி குறைந்ததைச் சொன்னார்கள். அந்த ஸ்பிரிங் அவர்கள் எடைக்கு இன்னும் கொஞ்சம் இளக்கம்தான். அதனால் அடுத்த மாதம் அவர் நல்ல ஷாக்கே வாங்கினார், நானே மாட்டிக் கொடுத்தேன். அந்த மாற்றத்தை மனசார ஆதரிக்கிறேன்.

இதே மாதிரிதான் ஹேண்டில்பாரை ஒரு அங்குலம் உயர்த்துவது, விரலுக்கு எட்டும்படி லீவரை மாற்றுவது, குஷன் நல்லதாகப் போடுவது, நல்ல பிரேக் பேட், நல்ல டயர். டயரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 390-க்கு 150 மில்லிமீட்டர் அகல டயர் போதாது என்று 160 மாட்டுகிறார்கள். அந்த ரிம்மின் அகலம் நாலு அங்குலம். 160-க்கு நாலரை அங்குலம்தான் உகந்தது. குறுகிய ரிம்மில் ஏற்றினால் டயரின் வளைவு கெட்டுவிடும், சாய்க்கும்போது வண்டி தயங்கித் தயங்கிச் சாயும். பார்க்கத்தான் தடி. அதே 150-இல் நல்ல ரப்பர் வாங்கினால் மழையில் உயிர் காக்கும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை என்பதற்கு ஆர்ஆர் 310-ஐப் பாருங்கள். 2021-இல் டிவிஎஸ் இந்த வண்டியை வாடிக்கையாளர் கேட்கிறபடி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அதில் கொடுத்தது திருகி அமைத்துக்கொள்ளும் சஸ்பென்ஷன், ரேஸ் ஓட்டுவதற்கேற்ற உட்காரும் அமைப்பு, பெயின்ட். இன்ஜின் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. கூடுதல் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே போட்டு எடுங்கள். ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய வண்டிகள்தான் மழைக்காலத்தில் தள்ளிக்கொண்டு வரப்படுகின்றன.

வேகம்தான் வேண்டும் என்று நிற்கும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் இருக்கிறது, கோயம்புத்தூரில் இன்னொன்று. அங்கே பயிற்சிக்கு ஒருமுறை போய்விட்டு வரச் சொல்வேன். போய் வந்தவர்கள் யாரும் என்னிடம் சைலன்சர் கேட்டதில்லை. டயரும் பிரேக் பேடும்தான் கேட்கிறார்கள். ஓடுதளத்துக்கென்றே ஒரு வண்டி வைத்துக்கொண்டு, சைலன்சர், ஃபில்டர், ஈசியுவுக்குள் இருக்கும் பெட்ரோல் கணக்கான மேப் மூன்றையும் சேர்த்து, இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ வைத்திருப்பவரிடம் அளந்து டியூன் செய்தால் அது முழுமையான வேலை. அதை மதிக்கிறேன். என் பட்டறையில் டைனோ இல்லை, அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வதும் இல்லை.

எதை மாற்றினாலும், கழற்றியதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றிச் சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். விற்கப் போகும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது ஸ்டாக் சைலன்சரைத்தான். 15 வருஷம் கழித்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போதும் அதைத்தான் தேடுவீர்கள்.