பங்களா வழி, கடை வழி: மலையகத்தில் பழைய பிளாஸ்டிக் ஆமிக்காரர்களைத் தேடியது

இலங்கை மலையகத்தில் கையில் அகப்படும் பழைய பிளாஸ்டிக் ஆமிக்காரப் பொம்மைகள் பெரும்பாலும் இரண்டு வழியால் வந்து சேர்ந்தவை. ஒன்று துரை பங்களா வழி, அதாவது தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரையின் வீட்டு வழி; மற்றது டவுன் கடை வழி. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஒரு வருடத்துக்கு மேலாகத் தேடிச் சேர்த்து, அளந்து, கொப்பியில் எழுதி வைத்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான். எந்த வழியால் வந்தது என்று தெரிந்துவிட்டால் பொம்மையை அடையாளம் காணும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

காரணம் நாட்டு நடப்பிலேயே இருக்கிறது. இலங்கையில் அறுபதுகளிலேயே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் விளையாட்டுச் சாமான் இறக்க யார் டொலர் கொடுப்பார்கள்? நடுவில் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுக்குப் போக, மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் பெட்டி கட்டினார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அப்புறம்தான் டவுன் கடைகளில் பொலித்தீன் பைக்குள் அடைத்த பச்சை ஆமிக்காரர்கள் தொங்கத் தொடங்கினார்கள். அதனால் இங்கே கிடைப்பவற்றில் ஐம்பது, அறுபதுகளின் இங்கிலாந்துச் சரக்கு கொஞ்சம் இருக்கும், எழுபதுகளின் பின்பாதியிலிருந்து வந்த ஹொங்கொங் சரக்கு நிறைய இருக்கும், நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். எயார்பிக்ஸ் என்ற இங்கிலாந்துக் கொம்பனியின் சின்னஞ்சிறு விண்வெளி வீரர் பெட்டி 1971இல் வெளிவந்தது. இங்கே எந்த வீட்டு பிஸ்கட் டின்னிலும் அதில் ஒருவன்கூட எனக்கு அகப்படவில்லை. அந்தப் பள்ளத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பொம்மை கைக்கு வந்ததும் முகத்தைப் பார்க்கத்தான் மனம் போகும். நான் கவிழ்த்து அடியைப் பார்க்கிறேன். பிரிட்டன்ஸ் 1893இலிருந்து உள்ளே பொள்ளலான ஈயப் பொம்மை வார்த்த இங்கிலாந்துக் கொம்பனி. ஐம்பதுகளில் ரோய் செல்வின்-ஸ்மித் என்ற சிற்பி செய்த ஹெரால்ட் பிளாஸ்டிக் வரிசையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1966இல் ஈயத்தை அடியோடு கைவிட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஹெரால்ட் பொம்மைகளின் வார்ப்பும் ஹொங்கொங்குக்குப் போனது. ஆகவே அடியில் ஹெரால்ட் பெயரோடு இங்கிலண்ட் என்று இருந்தால் அதற்கு முந்தியது, ஹொங்கொங் என்று இருந்தால் பிந்தியது. ஒரே சொல் பத்து வருடத்தைப் பிரித்துக் காட்டிவிடும்.

அடித்தட்டு உலோகமாக இருந்தால் அது அநேகமாக பிரிட்டன்ஸின் டீடெயில் வரிசை, 1971இல் தொடங்கியது. தட்டில் 1971 என்று பொறித்திருப்பதைப் பார்த்து அந்த வருடமே செய்தது என்று முடிவு கட்டக் கூடாது. பிறகும் பல வருடம் அதே வருடத்தைப் பொறித்துத்தான் விற்றார்கள். நுவரெலியாவில் ஒரு வீட்டில் இப்படி ஒருவனைப் பார்த்தேன். நான் சொன்ன பள்ளத்துக்குள் விழக்கூடிய பொம்மையாயிற்றே, எப்படி வந்தது என்று கேட்டேன். லண்டனில் இருந்த சித்தப்பா பார்சலில் அனுப்பியதாம். பார்சல் வழி என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு, ஆனால் மிகவும் ஒடுங்கிய வழி.

அடியில் ஒன்றுமே எழுதாத பொம்மைகள்தான் அதிகம். அங்கே அளவுகோலும் தண்ணீரும் வேண்டும்.

அளவுகோலை முதலில் சொல்கிறேன். பிரிட்டன்ஸ் காலத்திலிருந்து பொம்மைச் சிப்பாயின் வழக்கமான உயரம் 54 மில்லிமீற்றர். ஹொங்கொங் பட்டறைகள் பலவும் இங்கிலாந்துப் பொம்மையையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தன. பொலித்தீன் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். எனவே நகல் அசலைவிட ஒரு மில்லிமீற்றருக்கு மேல் குட்டையாக நிற்கும். வேர்னியர் அளவி வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். என் மேசையில் இப்போது நின்றுகொண்டு சுடும் காக்கிச் சிப்பாய்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவன் டிக்கோயாப் பக்கத்து பங்களாவிலிருந்து வந்த ஹெரால்ட் இங்கிலண்ட். மற்றவன் பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் ஒரு போத்தல் மூடிக் குவியலுக்குள் கிடந்த பெயரில்லாதவன். முதலாமவனின் துப்பாக்கிக் கையில் விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன, தோள் வாரில் கொளுக்கிகூட இருக்கிறது. இரண்டாமவனின் விரல்கள் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன, கண்குழி நிரவிவிட்டது, அச்சு இணைந்த கோடு காதை அறுத்துக்கொண்டு தலைக்கவசத்துக்கு ஏறுகிறது. அசல் மேல் என்றும் நகல் கீழ் என்றும் நான் தட்டு பிரிப்பதில்லை. லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகள், விளையாடியது இரண்டாமவனோடுதான். அவன் பூட்ஸில் பல் பதிந்த அடையாளம் இருக்கிறது.

இனித் தண்ணீர், எந்தப் பிளாஸ்டிக் என்று அறிய. பொலித்தீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, மிதக்கும். கடினமான பொலிஸ்டைரீன் தண்ணீரை 1 என்று வைத்தால் 1.05 அளவு, தண்ணீரில் தாழும், ஆனால் நல்ல உப்புத் தண்ணீரில் மிதக்கும். பிவிசி இரண்டிலும் தாழும். அரை லீட்டர் தண்ணீருக்கு ஆறு மேசைக்கரண்டி உப்பு போதும். பொம்மையில் காற்றுக் குமிழி ஒட்டினால் முடிவு பிழைத்துவிடும், அதனால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தடவிவிட வேண்டும். உலோகத் தட்டு உள்ளவற்றுக்கும் உள்ளே பொள்ளல் உள்ளவற்றுக்கும் இது சரிவராது. இந்த வித்தையால் அதிகம் பயன் கிடைத்தது விண்வெளிப் பொம்மைகளில்.

விண்வெளிப் பொம்மைகளை உடுப்பைப் பார்த்தே முதல் பிரிவு பிரிக்கலாம். ஐம்பதுகளில் செய்தவை கற்பனையில் பிறந்தவை: தலைக்கு மேல் கழற்றிப் போடும் கண்ணாடி போன்ற கோளம், இடுப்பில் அகல வார், கையில் கதிர்த் துப்பாக்கி. அறுபதுகளின் கடைசியில் நிஜப் படங்கள் வந்த பிறகு செய்தவற்றில் முதுகுப் பெட்டி, தடித்த கையுறை, முகமூடியோடு சேர்ந்த தலைக்கவசம். 1961 டிசம்பரில் ககாரின் இலங்கைக்கே வந்து போனார். 1969இல் அப்பலோ 11 இறங்கியது. இரண்டுக்கும் இடைப்பட்ட எட்டு வருடத்தில் விண்வெளி மனிதன் என்றால் எப்படி இருப்பான் என்ற எண்ணமே மாறிப்போனது, அது பொம்மையிலும் தெரிகிறது.

நான் பார்த்ததில் மிக நல்ல விண்வெளி மனிதன் எனக்குச் சொந்தமானவன் அல்ல. அவன் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரு பாட்டி வீட்டுப் பாலன் குடிலில் நிற்கிறான். நத்தார் நேரம், இடையர்களுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில், உலோகப் பளபளப்புள்ள நீல நிறத்தில் நான்கு அங்குல உயரம். பாட்டி அந்தக் காலத்தில் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். "தொரை ஊருக்குப் போறப்ப, பாபாவோட சாமானெல்லாம் ஒரு பெட்டியில போட்டு என்கிட்ட குடுத்துட்டாங்க தம்பி. இவன் மட்டுந்தான் மிச்சம்" என்றார். பாபா என்றது துரையின் பிள்ளையை.

பார்த்த உடனேயே ஒரு எண்ணம் வந்தது. அமெரிக்காவில் ஆர்ச்சர் என்ற கொம்பனி ஐம்பதுகளின் தொடக்கத்தில் இதே உயரத்தில், இதே போன்ற உலோக நிறங்களில், கடினமான பிளாஸ்டிக்கில் விண்வெளி மனிதர்களை வார்த்தது. கழற்றும் தலைக்கோளம் தனியாக வரும். இவனுக்குக் கோளம் இல்லை, எங்கேயோ தொலைந்துவிட்டது. பாட்டியிடம் கேட்டு, குசினியில் ஒரு பெரிய போத்தலில் தண்ணீர் எடுத்து இறக்கினேன். நேரே அடிக்குப் போனான். உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி இறக்கினேன். மெல்ல எழும்பி வந்து தோளை வெளியே நீட்டிக்கொண்டு நின்றான். பொலிஸ்டைரீன். பாட்டி கை தட்டிச் சிரித்தார். பேரப்பிள்ளைகள் இன்னொரு தரம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் கொடுத்தேன்.

ஆனால் அது முடிவல்ல. அதே ஆர்ச்சர் மனிதர்களை 1990களில் கிளென்கோ என்ற அமெரிக்கக் கொம்பனி மறுபடி வார்த்து விற்றது. பிளாஸ்டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு பழையதா மறுவார்ப்பா என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இங்கேதான் பாட்டியின் அலுமாரி கைகொடுத்தது. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வந்தார். குடிலுக்கு முன்னால் அவருடைய மூத்த மகள் வெள்ளைச் சட்டையில் நிற்கிறாள், அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைக்கோலில் நம்முடைய ஆள். படத்தின் பின்புறம் பேனையால் எழுதியிருந்தது: 1976 மார்கழி. மறுவார்ப்பு வர இன்னும் பதின்மூன்று வருடமாவது இருந்த காலம். இறக்குமதி அடைபட்டிருந்த காலமும்கூட. துரை குடும்பம் போகும்போது விட்டுப் போனது என்ற கதையோடு எல்லாம் பொருந்தியது. எந்தக் கையேடும் தராத சான்று அது.

அவனைத் தருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். குடிலில் நிற்கும் வரைக்கும்தான் அவன் யார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. என் பெட்டிக்கு வந்தால் இன்னொரு நீலப் பொம்மை, அவ்வளவுதான். படம் எடுத்தேன், உயரம் அளந்தேன், பாட்டி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து கொப்பியில் ஒவ்வொரு பொம்மைக்கும் தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), கொடுத்தவர் அதைப் பற்றிச் சொன்னது என்று மூன்று வரி கட்டாயம் சேர்க்கிறேன். உற்பத்தி செய்த கொம்பனியின் பெயரை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். ஆயாக்களும் பங்களாவில் சமைத்த அப்புமாரும் போய்விட்டால் மற்றதைக் கேட்க ஆள் இல்லை.

டிம்போ என்ற இங்கிலாந்துக் கொம்பனி பற்றியும் ஒரு வார்த்தை. பண்டாரவளையில் கிடைத்த குதிரையில்லாத கவ்போய் ஒருவன் மஞ்சள் சட்டை, மண்ணிறக் காற்சட்டை. சுரண்டினால் வர்ணம் உரியவில்லை, ஏனென்றால் வர்ணமே இல்லை. ஒவ்வொரு நிறமும் தனிப் பிளாஸ்டிக். டிம்போவின் கைத்திறமை அது. இடுப்பு இன்னும் திரும்புகிறது. அந்தக் கொம்பனி எழுபதுகளின் கடைசியோடு மூடிவிட்டது.

பராமரிப்பில் மலைநாட்டுக்கென்று சில விசயங்கள் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். வெயில் குளிராகத் தெரிந்தாலும் அதன் புற ஊதாக் கதிர் கடுமையானது, பொலித்தீனை உள்ளுக்குள் முறிய வைத்துவிடும். சன்னல் கட்டையில் வருடக்கணக்கில் நின்ற பொம்மையின் துப்பாக்கி முனை தொட்டாலே ஒடியும். அப்படிப்பட்டவற்றை நான் கழுவுவதுகூட இல்லை, தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவதோடு சரி. நல்ல நிலையில் உள்ளவற்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். பொலித்தீனில் வர்ணம் இறுகப் பிடிக்காது, ஆகவே வர்ணம் உள்ள இடத்தில் பல் பிரஷ் வேண்டாம். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் சிறிது நேரம் பிடித்து, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்கும். முறியும் நிலையில் உள்ளதில் இதைச் செய்யக் கூடாது. மழை நாளில் எல்லாவற்றையும் அடுப்பங்கரையில் காய வைப்பது நம் வழக்கம், பொம்மையை மட்டும் அங்கே கொண்டு போகாதீர்கள்.

மெதுமையான பிவிசி பொம்மைகளை பொலிஸ்டைரீனோடு ஒட்டி வைத்தால் பிவிசியிலிருந்து கசியும் எண்ணெய்ப்பொருள் மற்றதை இளக்கித் தழும்பாக்கும். மெல்லிய பொலித்தீன் தாளில் தனித்தனியாகச் சுற்றி வைக்கிறேன், அதனால் தொந்தரவு இல்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுவேன். ஈயப் பொம்மை ஒன்று அப்புத்தளையிலிருந்து வந்தது, அதில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அது ஈயம் அரிப்பதன் அடையாளம், நஞ்சு. கையுறை போட்டுத்தான் எடுத்தேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் பூட்டிய அலுமாரியில் தனியாக இருக்கிறது.

இப்போது கையில் உள்ள புதிர் ஒன்றுதான். நோர்வூட் பக்கத்து லயத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்து தந்த வெள்ளி நிற விண்வெளி வீரன். அப்பலோ உடுப்பு, முதுகுப் பெட்டி, தண்ணீரில் மிதக்கிறான், அடியில் ஹொங்கொங் என்று மட்டும். இப்படிப்பட்டவை கேக்குக்கு மேலே அலங்காரமாக வைக்கவும் விற்கப்பட்டவை. இவனுடைய அடியிலோ ஐசிங் சீனியா வெள்ளை வர்ணமா என்று சொல்ல முடியாத ஒரு படிவு இருக்கிறது. அந்தத் தம்பியின் அப்பப்பா டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தவராம். அடுத்த கிழமை அவரைப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தப் படிவைக் கழுவாமல் வைத்திருக்கிறேன்.