பழுதானதை விடுங்கள், நல்லதை முதலில் பாருங்கள்: சுவிட்சில் பவர் சப்ளை மாற்றுவது

இரண்டு பவர் சப்ளை உள்ள நெட்வொர்க் சுவிட்சில் ஒன்று போய்விட்டது என்று அலாரம் வந்தால், ராக்கின் பின்பக்கம் போனதும் எல்லோர் கண்ணும் அந்தச் செத்த யூனிட் மேல்தான் விழும். அது செத்துவிட்டது, இனி அதை ஐந்து நிமிடம் கழித்துக் கழற்றினாலும் ஐந்து மணி நேரம் கழித்துக் கழற்றினாலும் ஒன்றுதான். அந்த நேரத்தில் நெட்வொர்க் மொத்தமும் தொங்கிக்கொண்டிருப்பது பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும் நல்ல யூனிட்டில். சுவிட்சை அணைக்காமலே யூனிட்டை மாற்றும் ஹாட் ஸ்வாப் வேலையில் நெட்வொர்க் விழுந்தால், அநேகமாக அந்த நல்ல யூனிட்டை யாரோ தெரியாமல் பிடுங்கியிருப்பார்கள், அல்லது தனியாக முழுச் சுமையைத் தாங்க முடியாமல் அது விழுந்திருக்கும். வேலையில் முக்கால் பங்கு ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது.

முதலில், யூனிட் உண்மையிலேயே செத்ததா? எல்ஈடி அடியோடு அணைந்திருந்தால் உள்ளே மின்சாரமே வராமல் இருக்கலாம். ஆரஞ்சு அல்லது சிவப்பு எரிந்தால் பெரும்பாலும் மின்சாரம் வருகிறது, வெளியீட்டிலோ ஃபேனிலோ கோளாறு. நிறங்களின் அர்த்தம் மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது பாருங்கள். அணைந்த யூனிட் என்றால் கேபிளை அழுத்திப் பாருங்கள். கேபிளின் யூனிட் பக்க முனையான சி13 பிளக் ராக்கின் கதவு இடித்தோ, பக்கத்தில் யாரோ கேபிள் இழுத்தோ அரை சென்டிமீட்டர் வெளியே வந்திருப்பது சாதாரணம். அதன்பின் வேறு கேபிள், பிறகு பிடியூவில் (ராக்கில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பலகை) வேறு அவுட்லெட். சோதனைக்கு நல்ல யூனிட்டின் கேபிளைக் கழற்றி இதில் மாட்டிப் பார்க்க மட்டும் கூடாது. எழுதும்போது சிரிப்பாகத் தெரியும். அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

செத்த யூனிட்டையும் பாதி செத்த யூனிட்டையும் பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை. வெளியீடே இல்லாத யூனிட்டைக் கழற்றினால் சுமையில் எந்த மாற்றமும் வராது, ஏனென்றால் முழுச் சுமையும் ஏற்கெனவே மற்றதில்தான் இருக்கிறது. ஃபேன் கோளாறு, வெப்ப எச்சரிக்கை என்று மட்டும் காட்டும் யூனிட் அப்படியல்ல. அது இன்னும் பாதிச் சுமையைச் சுமந்துகொண்டிருக்கும். அதைக் கழற்றும் நொடியில் மற்றதன் மேல் சுமை இரட்டிப்பாகும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து, அதில்தான் "சின்ன எச்சரிக்கைதானே" என்று பகல் நேரத்தில் கை வைக்கிறார்கள்.

தாங்குமா என்பது வெறும் கணக்கு. நெட்வொர்க் கேபிள் வழியே சாதனங்களுக்கு மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்சை எடுத்துக்கொள்வோம். 715 வாட் யூனிட் இரண்டு, இரண்டும் சேர்ந்து சுமக்கும் கம்பைண்டு முறையில் அமைத்திருந்தால் மொத்தம் 1430 வாட். சுவிட்சுக்கே 250 வாட் என்று வைத்துக்கொண்டால் போர்ட்டுகளுக்கு 1180 வாட் மிஞ்சும். ஒரு யூனிட்டை எடுத்தால் மிஞ்சுவது 465 தான். 20 வாட் இழுக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகள் 30 இருந்தால் தேவை 600 வாட். சுவிட்ச் விழாது, ஆனால் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளின் மின்சாரத்தை அதுவே வெட்டிவிடும். எதற்கும் முன்னுரிமை கொடுக்காமல் விட்டிருந்தால் எந்த போர்ட் போகும் என்பதை சுவிட்சே முடிவு செய்யும், அது நீங்கள் விரும்பும் முடிவாக இருக்காது. 48 போர்ட்டுக்கும் 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரநிலை அளவில் 15.4 வாட் வீதம் கொடுக்க 739 வாட் வேண்டும், 802.3ஏடி அளவில் 30 வாட் வீதம் கொடுக்க 1440 வாட் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதைத் தோராயமாகப் போட்டுவிடலாம்.

பவர் நிலையைப் பார்க்கும் கட்டளைகள்: சிஸ்கோவில் ஷோ என்விரான்மென்ட் பவர், ஷோ பவர் இன்லைன். ஜூனிப்பரில் ஷோ சேசிஸ் என்விரான்மென்ட், ஷோ சேசிஸ் அலாரம்ஸ். இந்தக் கட்டளைகளின் வெளியீட்டை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள், வேலை முடிந்தபின் ஒப்பிட வேண்டும். கூடவே ரன்னிங் கான்ஃபிகை (இப்போது ஓடும் அமைப்பை) ஸ்டார்ட்டப்பில் (ரீபூட் ஆனால் சுவிட்ச் படிக்கும் அமைப்பில்) எழுதி, வெளியே ஒரு நகலும் எடுங்கள். யாரோ மூன்று மாதம் முன் செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் விட்டிருந்தால், சுவிட்ச் ஒருமுறை ரீபூட் ஆனால் அது போய்விடும். மின்சாரம் உடனே திரும்பும், நெட்வொர்க் திரும்பாது. அப்போது ஆள் பவர் சப்ளையையே சந்தேகித்துக்கொண்டு நிற்பார்.

சுவிட்சுக்கு வெளியேயும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு யூனிட்டும் இரண்டு வேறு பிடியூவில், முடிந்தால் இரண்டு வேறு யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கேபிளைக் கையால் பிடித்தே கடைசி வரை தொடர்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே பிடியூவில் போய் முடிவதைப் பல ராக்குகளில் பார்க்கலாம். அடுத்து, பழுதான யூனிட்டின் மின்சாரத்தை நிறுத்த பிரேக்கரை ஆஃப் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த ஃபீடில் (அந்த பிரேக்கரிலிருந்து வரும் மின்வழியில்) உள்ள எல்லாச் சாதனங்களின் சுமையும் ஒரே நேரத்தில் மறு ஃபீடுக்குப் போகும். 32 ஆம்பியர் ஃபீடில் தொடர் சுமைக்கு 80 சதவீதம், அதாவது 25.6 ஆம்பியர் என்று வைப்பது வழக்கம். இரு ஃபீடிலும் தலா 14 ஓடுவது பார்க்க நிம்மதியாக இருக்கும். ஒன்றை அணைத்தால் மற்றது 28. பிளக்கைக் கழற்றினால் ஒரு சுவிட்சின் சுமை மட்டும் நகரும்.

மாற்று யூனிட் ஒரே வாட்டேஜ் என்பதால் மட்டும் பொருந்திவிடாது. காற்று போகும் திசை பொருந்த வேண்டும். டேட்டா சென்டர் சுவிட்சுகளில் ஒரே மாடல் இரண்டு திசைகளிலும் வரும். சிஸ்கோ நெக்ஸஸில் போர்ட் பக்கம் காற்றை இழுக்கும் வகைக்குக் கருஞ்சிவப்பு, போர்ட் பக்கம் காற்றை வெளியேற்றும் வகைக்கு நீலம் என்று கைப்பிடியில் நிறமே இருக்கும். ஜூனிப்பரில் லேபிளில் ஏஎஃப்ஓ (காற்று வெளியே), ஏஎஃப்ஐ (காற்று உள்ளே) என்று அச்சிட்டிருப்பார்கள். எதிர்த்திசை யூனிட்டைப் போட்டால் அது சேசிஸ் (சுவிட்சின் உடல்) ஃபேன் தள்ளும் வெப்பக் காற்றையே திரும்ப உள்ளே இழுக்கும். சில மாடல்கள் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும், சில சூடாகித் தானே அணைந்துவிடும். ஏசியையும் டிசியையும் ஒரே சேசிஸில் கலப்பது சில மாடல்களில் சரி, சிலவற்றில் கூடாது. புதிய ரிவிஷன் யூனிட்டை அடையாளம் காண முடியாத அளவுக்கு சுவிட்சின் ஃபர்ம்வேர் பழையதாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேபிள்தானே என்று விடுவார்கள். சி13 பிளக் 10 ஆம்பியர், சி19 16 ஆம்பியர். இவை தவிர, நடுவில் ஒரு பள்ளத்தோடு வரும் சி15 இருக்கிறது. அது 120 டிகிரி வரை தாங்கும், சி13 வெறும் 70 டிகிரி வரை. சூடான யூனிட்டுகளில் சி16 சாக்கெட் வைத்திருப்பது அதற்காகத்தான், அதில் சி13 நுழையாது. நுழையவில்லை என்று பிளக்கைக் கத்தியால் செதுக்குகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள்.

இனி ராக்குக்குப் பின்னால் போகலாம். லாகில் பவர் சப்ளை 1 என்று வந்தால் அது இடதா வலதா? முன்பக்கமிருந்து பார்த்துச் சொல்கிறதா, பின்பக்கமிருந்தா? சேசிஸில் ஸ்லாட் அருகே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள், எல்ஈடியோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாமல் கை வைக்காதீர்கள். ஒரே மாதிரி சுவிட்சுகள் அடுக்காக இருந்தால் பீக்கன் என்ற அடையாள விளக்கை எரியவிட்டு எது என்று உறுதி செய்துகொள்ளலாம். நல்ல யூனிட்டின் மேல் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டுவது குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் மிகவும் பயனுள்ள பழக்கம்.

மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். ரிஸ்ட் ஸ்ட்ராப்பைச் சேசிஸின் வெறும் உலோகத்தில், பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். நம் கைக்குத் தெரியும் ஸ்டாட்டிக் சுமார் 3000 வோல்ட்டிலிருந்துதான். சில்லுகளுக்கு 100 வோல்ட்டுக்குக் கீழேயே போதும். ஸ்ட்ராப்பில் உள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஆளைக் காப்பாற்றுவதற்கு இருப்பது, அதைப் புறக்கணித்து வெறும் வயரைக் கையில் சுற்றக் கூடாது.

பழுதான யூனிட்டில் ஆன்-ஆஃப் பட்டன் இருந்தால் ஆஃப். கேபிளை அவுட்லெட் பக்கம் கழற்றி, பிறகு யூனிட் பக்கம். கேபிள் கழன்றபின்னும் எல்ஈடி மங்கலாக எரிந்து ஃபேன் சுற்றினால் பயப்பட வேண்டாம். பல சுவிட்சுகளில் இன்னொரு யூனிட்டின் 12 வோல்ட் பஸ்ஸிலிருந்து இதன் ஃபேனுக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் மின்சாரம் வரும். லாட்ச்சை அழுத்தி, கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள், மறு கை அடியில் இருக்கட்டும். பெரிய யூனிட்டுகள் எதிர்பார்த்ததைவிட கனமாகவும் சூடாகவும் இருக்கும். உள்ளே என்ன என்று திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள்: முதல் கட்டக் கெப்பாசிட்டரில் சுமார் 400 வோல்ட் டிசி நிற்கும், அதை வடிக்கும் ரெசிஸ்டரே போயிருந்தால் நெடுநேரம் நிற்கும்.

ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே காற்று குறுக்கே போய்விட்டால் மற்ற யூனிட்டும் சேசிஸும் சூடாகும், சில மேனுவல்கள் அதற்கு நிமிடக் கணக்கில் வரம்பு சொல்லும். புதிய யூனிட் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் இருந்தால்தான் பழையதை இழுக்க வேண்டும். அது வர நாளாகும் என்றால் மூடித் தகடு.

புதியதை மாட்டும்போது அதில் மின்கேபிள் இருக்கக் கூடாது. பின்புற கனெக்டரின் பின்கள் வேண்டுமென்றே நீளம் மாறி மாறி இருக்கும்: எர்த் பின் நீளமானது, முதலில் தொடும், வெளியீட்டை ஆன் செய்யச் சொல்லும் பின் குட்டையானது, கடைசியில் தொடும். அதனால்தான் முழுதாக உட்காராத யூனிட் மின்சாரம் வருகிறது என்று பச்சை காட்டும், வெளியீடு மட்டும் வராது. லாட்ச் "க்ளிக்" என்று விழும் வரை சீராகத் தள்ளுங்கள். பாதியில் தடுத்தால் அடித்து ஏற்றாதீர்கள், வெளியே எடுத்துப் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். யூனிட் போனால் இன்னொன்று வாங்கலாம், சேசிஸ் பக்கக் கனெக்டர் போனால் சுவிட்சே போனது. உட்கார்ந்தபின் கேபிளை யூனிட்டில், பிறகு அவுட்லெட்டில், கேபிள் பிடிப்பான் இருந்தால் அதையும் மாட்டுங்கள்.

மைனஸ் 48 வோல்ட் டிசி யூனிட் என்றால் பேச்சே வேறு. 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்ற எண்ணம் பாதி சரி. பின்னால் இருப்பது பேட்டரி வரிசை; ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஃபீடின் ஃபியூஸ் பறப்பதற்குள் ஸ்பேனர் உருகும், மோதிரம் விரலோடு ஒட்டும். இங்கே பிரேக்கரை ஆஃப் செய்தே ஆக வேண்டும், அந்த யூனிட்டுக்கு உரியது மட்டும். "தொடாதே" என்று அட்டை மாட்டி, முடிந்தால் பூட்டி, மல்டிமீட்டரில் டெர்மினலில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தபின்தான் ஸ்க்ரூ. கழற்றும் வரிசை: மைனஸ் 48, பிறகு ரிட்டர்ன், எர்த் கடைசி. மாட்டும்போது தலைகீழ்: எர்த் முதலில், ரிட்டர்ன், மைனஸ் 48. வயரின் நிறத்தை நம்பாதீர்கள், ரிட்டர்ன்தான் பாசிட்டிவ் என்பதால் கறுப்பா சிவப்பா என்பதில் ஆளுக்கொரு வழக்கம். கழற்றுமுன் லேபிள் ஒட்டுங்கள், மாட்டியபின் பிரேக்கர் ஆன் செய்வதற்கு முன் பிரேக்கரின் முனையில் துருவத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஒரே பவர் சப்ளை உள்ள சின்ன சுவிட்சில் ஹாட் ஸ்வாப் கிடையாது, நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். வெளி அடாப்டர் என்றால் வோல்ட் அதே அளவாக, ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக, பிளக்கின் நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பது அதே போல இருக்க வேண்டும். 5.5 மில்லிமீட்டர் பிளக்கில் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு உண்டு, 2.5 பிளக் 2.1 சாக்கெட்டில் நுழையும், ஆனால் தளர்வாக நின்று அடிக்கடி ரீபூட் ஆகும். மக்கள் சுவிட்சையே குறை சொல்வார்கள். வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடிய பழைய சுவிட்ச் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஸ்டார்ட்டப் சுற்றில் உள்ள சிறு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தாலும் ஓடும்வரை ஓடும். ஒருமுறை அணைத்தால் எழுந்திருக்காது. இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடினால் சுமார் பாதியாகும், ஆகவே மூடிய அலமாரியில் இருந்தவை இன்னும் மோசம். மாற்றுச் சுவிட்ச் கையில் இல்லாமல் அப்படிப்பட்டதை அணைக்கக் கூடாது.

மாட்டியபின் பச்சை விளக்கோடு கிளம்பிவிடாதீர்கள். முன்பு சேமித்த வெளியீட்டோடு ஒப்பிடுங்கள்: உள்ளீட்டு வோல்ட் சரியா, இரண்டு யூனிட்டும் சுமையைக் கிட்டத்தட்ட சமமாகப் பகிர்கின்றனவா, ஃபேன், வெப்பம், வெட்டப்பட்ட பிஓஇ போர்ட்டுகள் திரும்பினவா. ஒன்று 300 வாட், மற்றது 5 வாட் என்று காட்டினால் புதியது வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், சில மாடல்களில் அது வேண்டுமென்றே வைத்த அமைப்பு. 15 நிமிடமாவது வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பராமரிப்பு நேரம் கிடைத்திருந்தால் பழைய நல்ல யூனிட்டின் கேபிளை ஒருமுறை கழற்றிப் புதியது தனியாகத் தாங்குகிறதா என்று பார்ப்பதும் நல்லது. இதை வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சோதனையை நாம் செய்யாவிட்டால் ஒரு நாள் பிரேக்கர் செய்யும்.

கழற்றிய யூனிட்டின் மேல் மார்க்கரால் பெரிதாகப் பழுது என்று எழுதி, தேதி, சுவிட்சின் பெயர், ஸ்லாட், என்ன கோளாறு என்பதையும் எழுதி, ஸ்பேர் அலமாரியிலிருந்து தூரமாக வையுங்கள். புதியது வந்த பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள். அடுத்த முறை ஸ்பேர் என்று யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.